ஒரு மில்லிமீட்டர்

என் அத்தான் தன் நிழலைக்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பார். புத்தகங்களுக்கு அட்டையும் உள்பக்கமும் வடிவமைப்பது அவர் தொழில். அக்காவைக் கட்டி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அச்சகங்களிலிருந்து கடைகளுக்குப் புத்தகக் கட்டு ஏற்றிப்போகும் வேன் என்னுடையது. அதனால் அவருடைய சந்தேகங்களில் பாதி என் வண்டியில்தான் பயணம் செய்திருக்கின்றன.

ஒரு மருந்துக்கடைக்குச் சின்னம் வரைந்து கொடுத்தார். பலகை மாட்டிய அன்றே எதிர்ப்பக்கம் போய் நின்று, கையில் பச்சை அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்து, "அது நான் குடுத்த பச்சை இல்ல, மச்சான். பெயிண்டர் மிச்சம் மீதிய கலந்துட்டான்" என்றார். விசாரித்தால், பெயிண்டர் உண்மையிலேயே கலந்திருந்தான். அதுதான் தொல்லையே. பத்தில் ஒன்று பலித்துவிடும். மற்ற ஒன்பதுக்கும் அதையே சாட்சிக்குக் கூப்பிடுவார். மாத்திரை அட்டை வாங்கினால் எண்ணிப் பார்ப்பார். தையற்காரர் அளவெடுத்த பிறகு, தன் டேப்பை உருவித் தானும் ஒருமுறை எடுப்பார். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் ஆற்றையே அளப்பார்.

வேலையில் மட்டும் அவரை அடிக்க ஆள் கிடையாது. பக்கத்தை அச்செடுத்து, சுவரில் தலைகீழாக ஒட்டி, தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார். எங்கே வரி நெருக்கம், எங்கே எழுத்து இளைத்துத் தெரிகிறது என்று அப்படித்தான் பிடிபடுமாம். "நேரா வச்சா படிச்சிடுவோம் மச்சான். படிச்சா அர்த்தம்தான் தெரியும், எழுத்து தெரியாது." இப்படி நூற்றுக்கணக்கான புத்தகங்களை வரி பிசகாமல் அடுக்கியிருக்கிறார். ஒன்றையும் படித்ததில்லை.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தன்னைச் சுற்றியுள்ள மனிதர்களைப் பற்றி அவள் எழுதிவந்த கட்டுரைகள் இந்த வருஷம் புத்தகமாயின. வடிவமைப்பு அத்தான். அச்சு, அவருடைய முப்பது வருஷ நண்பர்; நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் அச்சகக்காரர். வீட்டுக்கு வெளியே அத்தான் நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

முதல் கட்டை நான் வீட்டில் இறக்கியபோது அக்கா பள்ளியில் இருந்தாள். அத்தான் ஒரு பிரதியை எடுத்தார். முகம் மாறிவிட்டது. புத்தகத்தின் முதுகு நீலம், முன்னட்டை வெள்ளை. அந்த நீலம் மடிப்பைத் தாண்டி வெள்ளையில் ஒரு நூல் அளவு எட்டிப் பார்த்தது. வெர்னியர் அளவுகோலை எடுத்து முதுகை அளந்தார்.

"பன்னெண்டு மில்லிமீட்டர் இருக்கணும். பதினொண்ணுதான் இருக்கு."

"ஒரு மில்லிமீட்டருக்கா இந்தப் பாடு?"

"அண்ணன் தாள்ல கை வச்சுட்டார். நான் சொன்னதை விட்டுட்டு மெலிசா ஒண்ணப் போட்டுட்டார். அதுவும் அவ புத்தகத்துல! வண்டிய எடு."

வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தார். "முப்பது வருஷம். இன்னியோட சரி. இனிமே அந்தப் படி மிதிக்க மாட்டேன்." இருக்கிற ஒரே நண்பரையும் தொலைத்துவிட்டு இந்த மனிதர் யாரோடு பேசப்போகிறார்?

அச்சகத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். அத்தான் உட்காரவில்லை. "எந்தத் தாள் போட்டீங்க?" என்றார். அண்ணனின் சிரிப்பு நின்றது. மிச்சமிருந்த தாள் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அத்தான் அதில் பத்துத் தாளை அளந்தார், புத்தகத்தில் பத்துத் தாளை அளந்தார். இரண்டும் ஒன்று. அவர் கேட்ட அதே தாள்.

அத்தோடு மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். புத்தகத்தின் கடைசிப் பக்க எண்ணைப் பார்த்தார். நூற்று எழுபத்தாறு.

"நான் குடுத்தது நூத்துத் தொண்ணூத்திரெண்டு. பதினாறு பக்கம் எங்க?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தங்கச்சி வந்து தன்னோட கடைசிக் கட்டுரைய எடுத்துடச் சொன்னா. அதுக்குள்ள அட்டை அடிச்சு முடிச்சாச்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டா."

"தனியா வந்தாளா?"

"இது என்ன கேள்வி?" என்றார் அண்ணன்.

திரும்பும்போது அத்தான் அந்தப் பிரதியின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உங்க அக்காவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி யாராவது... சும்மா பழக்கம்னு..."

வண்டியை ஓரங்கட்டினேன். "அத்தான், இறங்கி நடந்து வர்றீங்களா?"

எனக்கு அவரை அறையலாம்போல இருந்தது. அந்தப் பதினாறு பக்கத்தில் உண்மையிலேயே ஏதாவது இருந்து தொலைக்குமோ என்று எனக்கும் லேசாகத் தொற்றிக்கொண்டதில் கோபம் இன்னும் ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைத் திறந்தார். பழைய கோப்பு அப்படியே இருந்தது. அவரே வரிவரியாக அடுக்கி, தலைகீழாக ஒட்டிச் சரிபார்த்த பக்கங்கள். முதல்முறையாக நேராக வைத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை மாதிரி, சத்தமாகப் படித்தார்.

கட்டுரை அவரைப் பற்றியது. மருந்துக்கடைப் பச்சை இருந்தது, மாத்திரை எண்ணியது இருந்தது, தையற்காரர் கோபித்துக்கொண்டு டேப்பை வீசியது இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பாதியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய பாறை ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கியது எனக்கு. கடைசிப் பத்தியையும் அதே சிரிப்போடு ஆரம்பித்தார்.

'உலகத்தையே சந்தேகப்படும் இந்த மனிதர், இருபத்திரண்டு வருஷத்தில் என்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. எங்கே போனாய், யாரோடு போனாய் என்று கேட்டதில்லை. ஊரில் யாருக்கும் கொடுக்காமல் மிச்சம் பிடித்த நம்பிக்கையை எல்லாம் எனக்கென்று வைத்திருக்கிறார்போல.'

கடைசி வரியை முடிக்கும்போது அவரிடம் அந்தச் சிரிப்பு இல்லை. வாசலில் அக்கா நின்றிருந்தாள். திரையைப் பார்த்ததும் தோளில் இருந்த பையை இறக்கி வைத்தாள்.

"அண்ணன் சொல்லிட்டாரா?"

"ஏன் எடுத்தே?"

"குடுத்துட்டுப் பத்து நாள் பாத்தேன். பக்கம் நல்லா உக்காந்திருக்குன்னு மட்டும் சொன்னீங்க. ஊர் சிரிக்குமேன்னு உங்களுக்கு வருத்தம்போலன்னு நெனச்சேன். அதான், சத்தமில்லாம எடுத்துட்டேன்."

"நான் படிக்கவே இல்ல."

"யாரோடதையும் படிக்க மாட்டீங்கன்னு தெரியும்." அக்கா கட்டிலிருந்து ஒரு பிரதியைக் கையில் எடுத்தாள். "என்னோடதையுமா?"

அவர் அளவுகோலை எடுத்து உறையில் போட்டார். மறுபடியும் வெளியே எடுத்தார்.

"அடுத்த பதிப்புல சேர்த்துடலாம்" என்றாள் அக்கா, அவரைத் தேற்றுகிற மாதிரி.

"சேர்த்தா கடைசிப் பத்திய எடுத்துடு."

"ஏன்? அதுக்காகத்தானே மொத்தத்தையும் எழுதினேன்."

"இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்தான் அது உண்மை" என்றார்.

அக்கா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.