ஹமீதின் தம்பி

வளைகுடாவில், முசஃபா தொழிற்பேட்டையில் நான் வெல்டராக இருந்த பட்டறைக்கு எதிரே ஒரு மலையாளி டீக்கடை. ஈராக்கில் அன்னியப் படைகள் இறங்கி ஓராண்டு தாண்டியிருந்த சமயம். கடை டிவியில் ஹிந்திச் செய்தி ஓடினால் அங்கே சண்டையிடுகிறவர்கள் தீவிரவாதிகள். யாராவது அரபுச் சேனலுக்கு மாற்றினால் அதே முகமூடிக்காரர்கள் முக்காவமா, அதாவது எதிர்த்து நிற்பவர்கள். டீ ஆறுவதற்குள் பெயர் மாறிவிடும். ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒரு செய்தி, எங்களுக்கு இரண்டு. அது பழகிப்போயிருந்தது, பழனியின் முகம் அதில் வரும்வரை.

பழனி என் ரூமில் இருந்தவன், பட்டுக்கோட்டைப் பக்கம். டிரெய்லர் ஓட்டுவான். குவைத்தில் நல்ல வேலை என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பிப் போனான். போன பிறகுதான் எல்லை தாண்டி ஈராக்கில் இருக்கும் படை முகாம்களுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேலை என்று தெரிந்தது. பாஸ்போர்ட் கம்பெனி கையில். ஒரு வெள்ளிக்கிழமை டிவியில் அவன் மண்டியிட்டிருந்தான். பின்னால் துப்பாக்கிகள். ஒருவன் அரபியில் எதையோ வாசித்தான். "கம்பெனி ஈராக்கை விட்டுப் போகாவிட்டால் கொல்வோம் என்கிறார்கள்" என்று பக்கத்திலிருந்த ஹமீது பட்டறை ஹிந்தியில் சொன்னார்.

ஹமீது எங்கள் ஃபோர்மேன், ஈராக்கி. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "மேரா பாய் பீ உதர் ஹை" என்றார். என் சகோதரனும் அங்கேதான். வளைகுடாவில் டீ ஊற்றுபவரும் பாய், டிரைவரும் பாய். பழனியைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமாம், அவன் நம் எல்லாருக்கும் பாய்" என்றேன். அவர் இல்லையென்று தலையாட்டினார். "மாஃபி பழனி. மேரா சகா பாய். உன்கே சாத்."

பழனி இல்லை, கூடப் பிறந்த தம்பி. அந்த முகமூடிக்காரர்களோடு. நான் என்னையறியாமல் பெஞ்சில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். அவர் அதைக் கவனித்தார். பழனியைப் பிடித்தது வேறு குழு, என்றாலும் தம்பியிடம் சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

ஊரிலிருந்து பழனியின் மனைவி மீனா தினமும் போன் செய்தாள். "அந்த ஆளுங்ககிட்ட பேச யாருமே இல்லியாண்ணே?"

ஒருவர் இருக்கிறார், பக்கத்தில் இரும்பு அறுத்துக்கொண்டிருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? "பேசிக்கிட்டிருக்காங்கம்மா" என்றேன்.

கம்பெனி வெளியேறச் சம்மதித்தது. பழனியை விட்டார்கள். ஹமீதின் தம்பி சொல்லி ஏதும் நடந்ததா என்று இன்றுவரை தெரியாது. குவைத்திலிருந்து பழனி பேசினான். "காவலுக்கு இருந்தவன் ரொட்டியப் பிச்சு மொதல்ல எனக்குத்தான்டா தருவான். திரும்ப இந்தப் பக்கம் வந்தா அறுத்துருவேன்னு சொன்னதும் அவன்தான்."

பழனி ஊர் போய்ச் சேர்ந்த வாரம், ஹமீதின் ஊரில் அன்னியப் படைகளின் குண்டு விழுந்தது. தம்பி போய்விட்டான். அடக்கம் செய்ய ஹமீதால் போக முடியவில்லை. அவர் அறையில் துக்கம் கேட்க ஆட்கள் கூடினார்கள். எனக்கும் கசப்புக் காப்பி தந்தார். வாங்கிக்கொண்டு அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது செல்போன் அடித்தது. வெளியே வந்தேன்.

மீனா. சிரிப்பும் அழுகையுமாகப் பேசினாள். பின்னால் பழனியின் குரல், உறவுக்காரர்களின் சத்தம். திடீரென்று, "அங்க யாரோ ஓதுற மாதிரி கேக்குதேண்ணே?" என்றாள்.

"கூட வேலை பாக்குறவரோட தம்பி, ஈராக்குல இறந்துட்டாரும்மா."

"ஐயோ. அவனுங்கதான் கொன்னுட்டானுங்களா?"

திறந்திருந்த கதவு வழியே ஹமீது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காராதபடி அதன்மேல் கை வைத்திருந்தார்.

"சண்டையில போயிட்டாரும்மா" என்றேன். ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டியபடி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.