பலமனேருக்குப் போன முதல் சொட்டு

என் அத்தையின் குணத்தோடு பலமனேரில் ஒரு பெண் நடமாடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இது தெரியுமோ என்னவோ. அதை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான்தான்.

அப்போது எனக்கு ஏழு வயது. சித்தூரில் இருந்தோம். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராசுக்கு என்று டீக்கடைக்கு டீக்கடை ஊர்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்த சமயம். அந்த அமளியில்தான் அம்மா இரண்டாவது பிரசவத்துக்கு நர்சம்மாவின் மெட்டர்னிட்டி ஹோமுக்குப் போனாள். ஹோம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஓட்டு வீடு, மூன்று கட்டில், சமையலறையில் ஒரு பம்பு ஸ்டவ், அதன்மேல் எப்போதும் எதையாவது கொதிக்கவைத்துக்கொண்டு நர்சம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, குடியிருந்த வீட்டிலேயே போர்டு மாட்டியவள். டாக்டரம்மா சிக்கலான கேசுக்கு மட்டும் வருவார். மற்றபடி பிரசவம், குளிப்பாட்டல், கஞ்சி, அதட்டல் எல்லாம் நர்சம்மாவே.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டு வைப்பது நர்சம்மாதான். காய்ச்சி ஆறவைத்த குளுகோஸ் தண்ணீர், வெந்நீரில் போட்டெடுத்த ஸ்பூன். எங்கள் பக்கத்திலோ முதல் சர்க்கரைத் தண்ணீரை யார் கை கலக்குகிறதோ அவர்கள் குணம்தான் குழந்தைக்கு வரும். அந்தக் கை நைனாவின் அக்காவுடையதாக இருக்க வேண்டும் என்று எப்போதோ முடிவாகியிருந்தது. முடிவு செய்ததும் அந்த அத்தைதான்.

நகரியில் தறியை நிறுத்திவிட்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய அத்தையை நர்சம்மா மேலும் கீழும் பார்த்தாள். உடம்பெல்லாம் பஸ் புழுதி, வாய் நிறைய வெற்றிலை. வாசல் பெஞ்சைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டாள். தம்பி பிறந்துவிட்டான் என்ற செய்தி வந்த பிறகும் பெஞ்சை விட்டு நகர அனுமதி இல்லை. இந்த ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் நர்சம்மா குணம்தானா என்று அத்தை பொருமினாள். எனக்குத் தெரிந்து சித்தூர்க் குழந்தைகள் யாரும் ஓயாமல் கையைக் கழுவிக்கொண்டிருக்கவில்லை. சொன்னால் அடி விழும் என்று சும்மா இருந்தேன்.

அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சர்க்கரை. டீக்கடையில் வாங்கிய தண்ணீரை, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் ஊற்றி, சர்க்கரையைப் போட்டு விரலால் கலக்கி, என் கையில் கொடுத்தாள்.

“அந்தம்மா ஸ்டவ்வாண்ட நின்னுக்கினு கீது. பின்பக்கமா போயி நம்ம கொழந்த நாக்குல ஒரு சொட்டு வெச்சிட்டு வந்துடு.”

“என் குணம் வந்துட்டா?” என்று கேட்டேன். வீட்டில் எல்லாரும் பயந்ததே அதற்குத்தான்.

“கலக்குனது என் கை. நீ வெறும் தபால்காரி. ஓடு.”

ஓடினேன். ஓட மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துவைக்கும் கல்லைத் தாண்டிப் பின்கதவு வழியாக நுழைந்தால், அம்மா தூங்குகிறாள். கட்டிலுக்குப் பக்கத்துத் தொட்டிலில் வெள்ளைத் துணி சுற்றிய இரண்டு குழந்தைகள். இரண்டு இருக்கும் என்று அத்தை சொல்லவில்லையே. ஒன்று தூங்கியது. மற்றது வீடே இடியும்படி கத்தியது. எங்கள் குடும்பத்தில் சத்தமில்லாதவர் யாரும் கிடையாது. யோசிக்கவே இல்லை, திறந்திருந்த வாயில் சொட்டை வைத்தேன். கத்தல் நின்றது. சப்புக்கொட்டியது. வந்த வேலை முடிந்த பெருமையில் நிமிர்ந்தால், ஸ்பூனோடு நர்சம்மா.

“அது பலமனேர் அம்மா பொண்ணு. உன் தம்பி இவன், தூங்கறான் பாரு.”

பக்கத்துக் கட்டிலிலிருந்து அந்தப் பலமனேர் அம்மா என்ன ஏது என்று தெலுங்கில் விசாரித்தாள். நான் தெலுங்கு ஸ்கூல் பிள்ளை, மளமளவென்று ஒப்பித்தேன். உன் அத்தை எப்படிப்பட்டவள் என்று கேட்டாள். நன்றாக நெய்வாள், சண்டைக்கு நின்றால் இரண்டு தெரு காலி என்று உள்ளதைச் சொன்னேன். பெண் பிள்ளைக்கு அது இல்லாமல் எப்படி என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் விழித்துச் சிரித்தாள்.

சிரிக்காதவள் அத்தைதான். விஷயம் வாசலுக்கு எட்டியதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஊருங்களப் பங்கு போடறது போதாதுன்னு என்னையும் பலமனேருக்குக் குடுத்துட்டு வந்து நிக்கிறா பாரு,” என்று ஆரம்பித்தவள், நடுவிலேயே நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தை அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நர்சம்மா வெளியே வந்தாள். பாலாடையை மோந்து பார்த்தாள். எந்தத் தண்ணீர் என்று கேட்டாள். திட்டப்போகிறாள் என்று நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். திட்டவில்லை. பெஞ்சில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ எத்தன பெத்தேம்மா?”

அத்தை மூன்று விரலைக் காட்டினாள்.

“எங்க?”

“வூட்லதான்.”

எனக்குத் திக்கென்றது. லீவு விட்டால் நான் அத்தை வீட்டில்தான். அங்கே மாமா உண்டு, தறி உண்டு, நாலு கோழி உண்டு. குழந்தை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் தர்மாமீட்டரையே இரண்டு தரம் பார்க்கும் நர்சம்மா, அந்த மூன்று பேரும் இப்போது எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தையைப் பின்பக்கம் அழைத்துப்போய், வாய் கொப்பளிக்கச் சொல்லி, முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நகத்தைத் தானே வெட்டினாள். பிறகு தாசில்தார் மாமியார் கேட்டும் தராத ஸ்பூனை அத்தை கையில் கொடுத்து, குளுகோஸைக் கலக்கச் சொல்லி, என் தம்பியை மடியில் வைத்தாள்.

தம்பி சொட்டை நக்கிவிட்டு மறுபடி தூங்கிப்போனான். அத்தை அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. நர்சம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஸ்டவ்வுக்குப் பம்பு அடிக்கப் போனாள்.

நான் அத்தையைப் பார்த்துக் கண்ணடித்தேன். இவ்வளவு பெரிய பொய்யை மூன்றே விரலில் சொல்லி நர்சம்மாவையே ஏமாற்றிவிட்டாளே என்று எனக்கு ஒரே பெருமை. அத்தை மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, வெகு காலம் அதை யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றினேன்.