மழைநாளில் அடங்கிய மின்னோட்டம்

நம் தலைக்கு நூறு கிலோமீட்டர் மேலே பகல் முழுக்க ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. காலையில் ஏறி, உச்சியில் நின்று, மாலையில் வடியும். அதைத் தரையிலிருந்தே அளக்கும் காந்தமானிப் பெட்டியை ஸாதனா மட்டாஞ்சேரியில் தன் வீட்டு மாடியில் வைத்தாள். அவள் திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி மாணவி. அளவுகள் ஆய்வகத்துக்குத் தானாக வந்துவிடும். அம்மா லோகாம்பாளிடம் அவள் சொன்னது ஒன்றுதான்: "பெட்டியைத் தொடாதேம்மா." ஏன் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு எங்கே புரியப்போகிறது என்ற நினைப்பு.

இரண்டு வருஷத்தில் ஓர் அதிசயம் தெரிந்தது. வெயில் நாளில் பகல் ஏற்றம் அதிகம், மழை நாளில் குறைவு. மழைமேகம் அத்தனை உயரத்து மின்னோட்டத்தையே அடக்குகிறது என்று எழுதினாள். ஏற்றம் படிக்கட்டு மாதிரி திடுமென்று வருகிறதே என்று அவளுக்கு ஒரு சந்தேகம். "மாதச் சராசரி எடு, சரியாயிடும்," என்றார் அவளுடைய ஆராய்ச்சி கைடு. சரியாகிவிட்டது. கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டார். அந்தக் கட்டுரையை நம்பித்தான் அவளுடைய பிஎச்.டி.

கருத்தரங்கில் ஒருவர் கேட்டார்: "திருநெல்வேலிப் பக்கத்துக் கருவியில இது இல்லையே?"

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மாடி ஏறினாள். பெட்டியை ஒட்டி இரும்புக் கட்டில். அதன்மேல் பாகற்காய்க் கொண்டாட்ட வத்தல் காய்ந்துகொண்டிருந்தது.

"இந்தக் கட்டில் எப்பலேர்ந்தும்மா?"

"வத்தல் போட வேண்டாமா? காலம்பற இழுத்துப் போட்டு சாயங்காலம் உள்ள கொண்டுபோவேன். மழைன்னா எடுக்கறதே இல்ல. நீ வர அன்னிக்கும் எடுக்கறதில்ல, சமையலே சரியா இருக்கும். காக்காய் உன் பெட்டிமேல அசிங்கம் பண்ணறது. காவலா இருக்கட்டுமேன்னு பக்கத்துலயே போட்டுண்டு ஒக்காந்திருக்கேன். பெட்டியத் தொட்டதே இல்லடி."

காந்தமானிக்குப் பக்கத்தில் இரும்பு வந்தாலே அளவு மாறும்; இரண்டு வருஷமாக ஸாதனா அளந்தது இந்தக் கட்டிலைத்தான்.

கட்டுரையைத் திரும்பப் பெறும்போது, மாணவியின் கவனக்குறைவு என்று எழுதினார் கைடு. சராசரி எடுக்கச் சொன்ன வாய் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. ஸாதனாவின் இடம் வேறொருவனுக்குப் போயிற்று.

அவள் ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டிருந்தபோது அம்மா போனில் கூப்பிட்டாள்.

"அப்பாவோட கட்டிலைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன். இனி கொண்டாட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். குடையைப் பிடிச்சுண்டு பெட்டியிலேர்ந்து தள்ளி ஒக்காந்து காக்காய் வெரட்டறேன். இனிமே கணக்கு சரியா வருமோல்லியோ?"

ஆய்வகத்தில் அந்தப் பெட்டியின் இணைப்பை எப்போதோ துண்டித்துவிட்டார்கள்.

"வரும்மா," என்றாள் ஸாதனா.