நாலு வோல்ட்

எங்கள் அப்பா கள்ளக்குறிச்சியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையொன்றில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் வீட்டு மேசையே அவருக்கு இன்னொரு கடையாகிவிடும். செத்துப்போன ஸ்டெபிலைசர், எமர்ஜென்சி லைட், டேப் ரிக்கார்டர் என எது கிடைத்தாலும் பிரித்து, உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரை எடுத்து வைத்துக்கொள்வார். அவற்றையெல்லாம் ஒரு பலகையில் வரிசையாகப் பொருத்தி, நடுவில் ஒரு திருகு வைத்திருந்தார். அதைச் சுற்றி நாலு, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று பெயின்டில் எழுதியிருக்கும். பழுது பார்க்க வந்த பொருளுக்கு வேண்டிய வோல்ட்டை அதிலிருந்து கொடுத்துப் பார்ப்பார். அது முனகும் சத்தம் அம்மாவுக்கு ஆகாது. எனக்கோ உலகத்திலேயே பெரிய இயந்திரம் அதுதான்.

எதிர்வீட்டு அத்தையின் ஒரே மகன் கல்வராயன் மலையில் வேன் கவிழ்ந்து இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எழுதத் திணறும் அந்த அண்ணன், மறக்கக்கூடாததை எல்லாம் தன் பட்டன் போனில் பேசிப் பதிந்து வைப்பாராம். அந்தப் போனின் பேட்டரி உப்பிக் கெட்டுப்போயிருந்தது. வேறு பேட்டரி எங்கும் கிடைக்கவில்லை. அத்தை அதை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார்.

"அவன் கொரல ஒருக்கா கேட்டுட்டா போதும்ப்பா."

அப்பா திருகை நாலில் வைத்து, போனில் இரண்டு ஒயரைப் பொருத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது. "தொடாத, அத்தைய இட்டுக்கினு வர்றேன்" என்று செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

எனக்கு வயது ஒன்பது. பட்டன்களை அழுத்தினேன். எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல ஒரு குரல் வந்தது. காதை ஒட்டிவைத்துக் கேட்டேன்.

"யம்மாவுக்கு முட்டிவலித் தைலம் வாங்கினு போவணும். மறந்துடக் கூடாது."

சத்தம் போதவில்லை. அத்தைக்கு வேறு காது மந்தம். திருகைத் திருப்பினால் சத்தம் கூடும் என்று நினைத்து, பன்னிரண்டுக்குக் கொண்டுபோனேன். திரை ஒருமுறை பளிச்சிட்டு அணைந்தது. கருகல் வாடை வந்தது.

முதலில் அப்பாதான் உள்ளே வந்தார். திருகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அத்தை வாசல்படி ஏறுவதற்குள் அதை நாலுக்குத் திருப்பிவிட்டார்.

"நான்தான்க்கா, கரண்ட ஜாஸ்தி வுட்டுட்டேன். இனிமே இது வராது."

அத்தை அழவில்லை. சுட்டுக்கொண்டிருந்த போனைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"நீ இங்கதான கண்ணு இருந்த? எதுனா பேசுனானா?"

"இல்ல அத்த."

அதன்பிறகு அப்பா வெளியார் பொருள் எதையும் அந்தப் பலகையில் வைக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. அத்தை மணலூர்பேட்டையில் இருந்த தங்கை வீட்டுக்கே போய், சில வருடங்களில் அங்கேயே இறந்துபோனார்.

அன்று மத்தியானம் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். போனைக் கெடுத்தது யார் என்று அத்தை விசாரிக்கிறார், பொய் சொல்லித் தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது மகனைப் பற்றி என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.