மாமா கொண்டுவந்த கார்டு

பெரியவனே, சின்னவளே, உங்கள் தாய்மாமன் ஏன் கடைசிக் காலத்தில் நம் வீட்டு வாசலை மிதிக்காமலே போய்ச் சேர்ந்தார் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றியிருக்கிறேன். அம்மாவுக்கும் முழுதாகத் தெரியாது. நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மாமா மீன் வண்டி ஓட்டினார். குடியிருந்த பாம்பனில் ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு விடியலில் மதுரை போவார், பொழுது சாய வெறும் வண்டியோடு திரும்புவார். அபிராமம் பக்கம் நிலத்தை நம்பிப் பிழைத்த குடும்பத்தில் மீன் வண்டியில் முதலில் ஏறியவர் அவர்தான். விசேஷ வீடுகளில் பங்காளிகள் அவரைக் கண்டதும் மூக்கைப் பொத்திக் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்கிறாரே, வலிக்காது போல என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அப்போது தேவிபட்டினத்தில் நம் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற கம்ப்யூட்டர் திணறிக்கொண்டிருந்தது. புதுக் கேமராவின் படத்தைப் போட்டால் உறைந்து நின்றுவிடும். கிராபிக்ஸ் கார்டு ஒன்று போட்டால் சரியாகும் என்றார்கள். மதுரையில் வாங்கிவர மாமாவிடம் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் அவர் தன் வழியை விட்டுத் திரும்பி நம் ஊருக்கு வந்தார். துண்டில் சுற்றிய பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"பக்கத்து சீட்டுல உக்கார வச்சு, பெல்ட்டும் போட்டுல்ல கூட்டியாந்தேன் மாப்ள. புதுப்பொண்ணு மாதிரி அலுங்காம வந்துச்சு."

கார்டை மாட்டி சுவிட்சைப் போட்டேன். அதன் காற்றாடி சுற்றியது, திரை மட்டும் இருட்டாகவே இருந்தது. கழற்றி மாட்டினேன். வயரை மாற்றினேன். மெமரியை எடுத்துப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துப் போட்டேன். கார்டை உருவினால் பழையபடி படம் வருகிறது, மாட்டினால் வரவில்லை. மறுநாள் கொடுக்கவேண்டிய வீடியோவுக்காகக் கல்யாண வீட்டார் கடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மாமா என் பின்னால் நின்று, மெதுவாகப் பாருங்கள், வந்துவிடும் என்றார். நான் திரும்பினேன்.

"மீன் தண்ணி ஒழுகுற வண்டியில கொண்டாந்தா எப்படி மச்சான் வரும்? பெட்டியே நாறுது."

பெட்டி நாறவில்லை. புது அட்டை வாசம்தான் வந்தது. ஆனால் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள்.

 மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "வாரேன்" என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சின்னவளே, உன் காதுகுத்துக்கு அவர் தோடு கொடுத்தனுப்பினார், வரவில்லை. ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் உன்னை உட்கார வைத்தோம். எங்க மாமா எங்கே என்று நீ அழுதாய். அம்மா என்னைப் பார்த்தாள். வண்டிக்கு ஓட்டம் இருந்திருக்கும் என்றேன்.

அடுத்த வருஷம் தூசி தட்டுவதற்காகக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். உப்புக்காற்றில் இரும்பே பொரிந்து போகும் ஊர் இது. அதற்குப் பயந்து, கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், கார்டு சொருகுகிற காலிப் பள்ளத்தின்மேல் கண்ணாடி டேப் ஒட்டி வைத்திருந்தேன். அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. கார்டை அழுத்தியபோது டேப்பும் கூடவே உள்ளே போய் மடிந்து கிடந்திருக்கிறது. இறுக்கமாகத்தான் போயிற்று. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று நானே அமுக்கினேன். குண்டூசியால் டேப்பை இழுத்துப் போட்டுவிட்டு, அலமாரியில் கிடந்த கார்டை மாட்டினேன். படம் வந்தது.

அன்றைக்கே பாம்பனுக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று வெட்கம். தீபாவளிக்குப் போகலாம், பொங்கலுக்குப் போகலாம் என்று தள்ளினேன். மாசியில் போன் வந்தது. மதுரையிலிருந்து திரும்பும்போது நெஞ்சுவலி. வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார்.

காரியத்துக்குப் படம் போட என்னிடம்தான் வந்தார்கள். வண்டிக் கதவில் கைவைத்துச் சிரிக்கிற படம் ஒன்றுதான் தெளிவாக இருந்தது.

"அந்த மீன் வண்டிய எடுத்துரு மாப்ள. வெள்ளச் சட்டை போட்டு, பின்னால நீலமா வச்சிரு" என்றார் பங்காளிகளில் மூத்தவர்.

கேட்டபடியே செய்து கொடுத்தேன். அவர்கள் வீட்டில் மாலையோடு தொங்குவது அதுதான். அதில் மாமா யாரோ மாதிரி இருக்கிறார்.

காரியம் முடிந்த மறுநாள் கடைக்கதவை உள்ளே சாத்திக்கொண்டு அசல் படத்தைத் திறந்தேன். எதையும் அழிக்கவில்லை. வண்டியும், ஐஸ் தண்ணீர் சொட்டி நனைந்த தரையும் அப்படியே இருக்க, பெரிதாக ஒன்று அச்சடித்தேன். கடைக்கு வருகிறவர்கள் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே ஆணி அடித்து மாட்டினேன்.