அலமாரியில் பூட்டிய மாத்திரை

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் கன்னட ஊர் ஒன்றில், மண்டி மொஹல்லா என்ற பேட்டையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். கணவர் ரயில்வேயில் குமாஸ்தா, நான் கணக்கு டீச்சர். அந்த மழைக்காலத்தில் என்னால் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாமல் போயிற்று. துக்கம் என்று சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. சீப்பை எடுத்தால் கை பாதியில் நின்றுவிடும். தெருச்சத்தம் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் யாருக்கோ நடப்பதுபோல் கேட்கும். செத்துப்போனால் தேவலை என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். மறுநாளே அவர் என்னை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"மூளையில ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல செரடோனின்னு ஒரு ரசாயனத்தை வெளியே விடுது. சொன்னதும் அதைத் தானே திரும்ப உறிஞ்சிக்குது. இந்த மாத்திரை அந்த உறிஞ்சலைத் தடுக்கும். செரடோனின் இன்னும் கொஞ்ச நேரம் வெளியே நிக்கும்" என்றார் டாக்டர்.

"அப்போ இன்னிக்கே சரியாயிடுமா?"

"இல்லம்மா. தடுக்கிறது சீக்கிரமே நடக்கும். மனசு தெளிய வாரக்கணக்காகும். ஏன்னு எங்களுக்கே முழுசாப் புரியலை."

மொத்தமாக விழுங்கினால் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் கணவரிடம் தனியே சொல்லியிருக்கிறார். அவர் மாத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டினார். லீவு போட்டு, மாடிப்படி வாசலில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தினமும் சாயங்காலம் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு, "வாயைத் திற, பார்க்கறேன்" என்பார். முதல் வகுப்புப் பிள்ளைபோல் திறந்து காட்டுவேன்.

நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியது. எழுத்து மங்கியது. மலச்சிக்கல் வேறு. வந்ததெல்லாம் தொல்லைதான், விடிவு வரவில்லை. ஒருநாள் கத்தினேன்.

"நான் என்ன திருடியா? எனக்கு எதுக்கு ஜெயிலு?"

அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. எனக்கு வேற வழி தெரியலை" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அழக்கூட வரவில்லை.

பிறகு ஒரு காலையில் உப்புமா தாளிக்கும் வாசனைக்கு வயிறு பசித்தது. பல வாரங்களுக்குப் பின் வந்த பசி. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவர் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பள்ளிக்குத் திரும்பினேன், தண்ணீர் பாட்டிலும் கையுமாக. நன்றாக இருக்கிறதென்று நடுவில் நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். அடுத்த வருஷம்தான் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். ஆனாலும் காலையில் விழித்ததும், இன்று எழுந்திருக்க முடியுமா என்று காலை அசைத்துப் பார்க்கும் பழக்கம் நெடுநாள் என்னை விட்டுப் போகவில்லை.