கோயிலுக்கு வந்த சண்டிக்கட்டு

ஒஸ்லோவில் எங்கள் தமிழ்ப் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோயிலின் வாசலில் பதினைந்து வருடமாக நிற்கிறேன். யாரும் என்னை அங்கே நியமிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகம் கொடுக்க ஆள் இல்லாமல் நின்றவன், பிறகு விலகவே இல்லை. புத்தகம் கொடுப்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் உடுப்பும் பார்ப்பேன். முழங்கால் தெரிய வரும் பெடியன்களை மறித்து, "தம்பி, கடற்கரைக்கோ போறீர்?" என்று கேட்பேன். அடுத்த கிழமை நீளக் காற்சட்டையோடு வருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். வராமல் விட்டவர்களைப் பற்றி நான் பெரிதாக யோசித்ததில்லை.

நான் பஸ் ஓட்டுகிறவன். கோடையில் எங்களுக்கு அரைக் காற்சட்டையும் சீருடைதான். மற்றவர்கள் சந்தோசமாகப் போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள், நான் மட்டும் நீளக் காற்சட்டைக்குள் வெந்துகொண்டு இருப்பேன். ஊரில் வேட்டியையோ சாரத்தையோ முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுவதைச் சண்டிக்கட்டு என்போம். அந்தக் கட்டோடு சந்தியில் எவ்வளவு நேரமும் நிற்கலாம். ஆனால் பெரியவர் ஒருவர் எதிரே வந்தாலோ, கோயில் வாசலுக்கு வந்தாலோ, அவிழ்த்துக் கீழே விட்டுவிட வேண்டும். விடாதவன் மரியாதை தெரியாதவன். அதற்கு யோசிக்கத் தேவையில்லை, கை தானாகவே செய்துவிடும்.

என் ஒரே மகள் பதினேழு வயதில் ஒரு பாவாடை போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தாள். முழங்காலுக்கு மேல் இரண்டு விரல். அவள் பள்ளித் தோழி வீட்டிலிருந்து நேரே வந்தபடியால் நான் வீட்டில் பார்க்கவில்லை, வாசலில்தான் பார்த்தேன். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். ஊரார் பிள்ளைகளை மறிக்கிறவன் தன் பிள்ளையை விட்டான் என்று கதை வரக் கூடாது என்று, சத்தமாகவே சொன்னேன்: "வீட்டை போய் மாத்திக்கொண்டு வா." அவள் போனாள். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு பதினொரு வருடத்தில் அந்தக் கோயிலுக்குள் அவள் ஒரேயொரு முறைதான் காலடி வைத்தாள், தாயின் சவப்பெட்டிக்குப் பின்னால். அதுவரை என் மனைவி ஒவ்வொரு ஞாயிறும் மூன்றாவது வரிசையில் தனியாக இருந்தாள். ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மகள் பெர்கனில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரனைப் பதிவுத் திருமணம் செய்தாள். கப்பல் பொறியியலாளன். மனைவி போய் வந்தாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன், நான் கேட்கவே இல்லை என்பது அவளுக்கும் தெரியும். செத்த வீட்டின்போது மருமகன் கடலில் இருந்தான். ஆகவே மனைவியின் ஓராண்டு நினைவுப் பூசைக்குத்தான் அவனை முதன்முதலாக நேரில் காண இருந்தேன்.

அதற்கு ஒரு கிழமைக்கு முன் மகள் தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, அவர் கில்ட் உடுத்திக்கொண்டுதான் பூசைக்கு வருவார். அவையின்ரை ஊரிலை இப்பிடியான நாளுக்கு அதுதான் மரியாதை."

கில்ட் என்றால் ஸ்கொட்லாந்து ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட மடிப்புப் பாவாடை. படத்தில் பார்த்திருக்கிறேன். எனக்கு முதலில் கண்ணில் வந்ததும் முழங்கால்தான்.

"ஓம்" என்றேன்.

"ஓம் எண்டால் காணாது. அவருக்கு ஒரு சொல்லுச் சொன்னீங்கள் எண்டாலும் நான் திரும்பிப் போயிடுவன். பிறகு என்னைத் தேடாதேங்கோ."

அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தக் குணம் எங்கேயிருந்து வந்தது என்று நான் வெளியில் தேட வேண்டியதில்லை.

ஞாயிறு காலை ஸ்டோவ்னரில் என் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். மருமகன் நெடுவல், வெட்கக்காரன், நோர்வேஜிய மொழியைக் கரடுமுரடாகக் கதைக்கிறவன். நானும் அப்படித்தான் கதைப்பேன், ஆகையால் ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கியது. மகள் குளிக்கப் போனாள். அவன் உடுத்திக்கொண்டு விறாந்தைக்கு வந்தான்.

இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அவன் அவ்வளவு யோசித்து உடுத்தியிருந்தான். பளபளக்கும் வெள்ளிப் பொத்தான் வைத்த சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சாதாரணக் கறுப்புக் கோட்டும் கறுப்பு டையும் போட்டிருந்தான். இடுப்புக்கு முன்னால் தொங்கும் பையும் உரோமம் வைத்ததல்ல, வெறும் தோல். காலுறைக்குள் செருகும் சின்னக் கத்தியை எடுத்துக் காட்டி, இது கோயிலுக்கு வேண்டாம்தானே என்று கேட்டுவிட்டு, தானே பெட்டிக்குள் திரும்ப வைத்தான். இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, கில்ட்டின் கரைக்கும் காலுறைக்கும் இடையில் தெரிந்த இரண்டு வெள்ளை முழங்கால்களை மட்டும்தான் கண்டேன். அந்த வாசலில் நான் மறித்த அத்தனை பேரும் இன்றைக்கு என்னைப் பார்ப்பார்கள். வாய் பொத்திக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மெதுவாக அவனிடம், இதைக் கொஞ்சம் இறக்கி உடுக்க முடியுமா, முழங்கால் மறைந்தால் போதும், எங்கள் ஆட்கள் ஒரு மாதிரியானவர்கள் என்று கேட்டேன். குற்றத்தை எங்கள் ஆட்களின் தலையில் போட்டேன். அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். அவனுக்குச் சொல்ல ஏதோ இருந்தது. சொல்லவில்லை. இடுப்பிலிருந்த தோல் வார்களைத் தளர்த்தி, கில்ட்டை இடுப்பெலும்புக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டான். அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். தலையாட்டினான்.

மகள் வந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன இவ்வளவு பதிவா இறங்கிக் கிடக்கு?" என்று கேட்டாள். பயணத்தில் வயிறு ஊதிப் போய்விட்டது என்றான். எனக்காக ஒருவன் பொய் சொல்கிறான், அவனை நான் கண்டு இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

மெட்ரோவில் ஏறினோம். நோர்வேஜியர் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தேசிய நாளில் பூவேலைப் பாரம்பரிய உடுப்போடு பெட்டி நிறைய ஏறுகிறவர்களுக்கு இது புதினமா? குரோருட்டில் எங்கள் கோயில் குடும்பம் ஒன்று ஏறியது. அந்த அம்மா அவனுடைய காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். மகள் அதைக் கவனித்தாள், என் முகத்தைக் கவனித்தாள். அவளுடைய கைப்பையின் வார் அவள் விரலில் சுற்றிச் சுற்றி இறுகியது. அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவாளோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோயில் வாசலில் நான் வழக்கம்போல நின்றுகொண்டேன். அவர்கள் உள்ளே போனார்கள். அவன் நடக்கும்போது ஒரு கை கோட்டுக்குள் இருந்தது, இடுப்பைப் பிடித்தபடி. பூசை முழுவதும் நான் பீடத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

நற்கருணைக்குப் பிறகு சுவாமியார் குடும்பத்தை அழைத்தார், மனைவியின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றுவதற்கு. நானும் போயிருக்க வேண்டும். வாசலைவிட்டு நகரவில்லை. மகளும் அவனும் போனார்கள். அவள் திரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவன் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டான். கில்ட்டின் கரை நிலத்தில் பரவிக் கிடந்தது. எழும்பும்போது சப்பாத்து அதில் ஏறியது. வார் விட்ட சத்தம் எனக்குக் கேட்டதோ, நான் நினைத்ததோ தெரியவில்லை. ஒரு பக்கம் சரசரவென்று தொடைவரை இறங்கியது. நீளச் சட்டை மானத்தைக் காத்தது. அவன் இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு அரைவாசி குனிந்தபடி நின்றான். பாடகர் குழுப் பக்கத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். யாரோ பெரியவர்களும் சிரித்தார்கள்.

மகள் அவனிடம் நோர்வேஜிய மொழியில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: ஒழுங்காக உடுக்கக்கூடத் தெரியாதா, அம்மாவின் நாளிலா இப்படி? அவன் சிவந்துபோனான். மன்னித்துக்கொள், நான்தான் கவனமில்லாமல் கட்டிவிட்டேன் என்றான். வாசல் பக்கம் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அங்கேயே நின்றிருப்பேனோ என்னவோ.

நடுவழியால் நடந்தேன். கோயில் அவ்வளவு நீளம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. சொன்னால் அவள் போய்விடுவாள், வாக்குக் கொடுத்தது போலவே போய்விடுவாள். சொல்லாவிட்டால் இவன் என் பிழையைச் சுமந்துகொண்டு ஊர் சிரிக்க நிற்பான். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அதால் போயிருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

அவனுக்கு முன்னால் முழந்தாளிட்டேன். எந்த வார் எதற்குள் போகிறது என்று விளங்கவில்லை. அவன் கில்ட்டைத் தொப்புள் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, வலப்பக்க வாரைக் காட்டினான். இறுக்கினேன். இடப்பக்கத்தையும் இறுக்கினேன். முழங்கால் இரண்டும் என் முகத்துக்கு நேரே வந்தன. அவன் மெல்லிய குரலில் சொன்னான்: முழந்தாளில் நிற்க வைத்துத்தான் அவர்கள் கில்ட்டுக்கு அளவெடுப்பார்களாம், கரை நிலத்தில் தொடாமல் இருக்க வேண்டுமாம். காலையில் சொல்ல வந்தது இதுதான். நான் அவனிடம் கடற்கரைக் கேள்வி கேட்காத குறைதான், அவன் முழந்தாளிடுவதற்கு அளந்த உடுப்போடு வந்திருக்கிறான்.

எழும்பி மகளைப் பார்த்துச் சொன்னேன். குரலைத் தாழ்த்தவில்லை, அன்றைக்கு வாசலில் தாழ்த்தாதவன் இன்றைக்கு ஏன் தாழ்த்த வேண்டும்?

"அவரைப் பேசாதை. நான்தான் இறக்கி உடுக்கச் சொன்னனான். பிழை என்ரை."

அவள் வாசலைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் குளிச்சுப்போட்டு வந்து பாத்த உடனையே தெரியும். இவர் உடுப்பு விசயத்திலை ஒரு நூல் பிசகமாட்டார்."

"அப்ப ஏன் திரும்பிப் போகேல்லை?"

"நீங்களாச் சொல்லுவீங்களோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்." அவளுடைய உதடு கோணியது. "பிழை என்ரை எண்ட சொல்லைப் பதினொரு வருசத்துக்கு முன்னம் சொல்லியிருந்தீங்கள் எண்டால், அம்மாவும் கேட்டிருப்பா, அப்பா. மூண்டாவது வரிசையிலை எனக்குப் பக்கத்திலை இருந்து கேட்டிருப்பா."

சுவாமியார் காத்துக்கொண்டு நின்றார். அவள் மெழுகுதிரியை என் கையில் தந்தாள். தன் கையையும் கீழே வைத்துப் பிடித்தாள், அப்படியே ஏற்றினோம்.